பதினொரு டேனிஷ்காரருக்கு ஒரு மலைப்பாதை

டென்மார்க்கில் மலை கிடையாது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, தொழில் முறையில் சொல்கிறேன். இலங்கையில் ஒன்பது ஆண்டுகள் அரசாங்க நில அளவையாளனாக இருந்தவன் நான். ஊர் வழக்கில் சேவையர். பதுளைப் பக்கத்துச் சரிவுகளில் அட்டை கடிக்கக் கடிக்கக் கருவிகளைத் தோளில் சுமந்து ஏறியிருக்கிறேன். அப்படிப்பட்டவனை எண்பத்தைந்தாம் ஆண்டு கொண்டுவந்து யூலண்ட் தீபகற்பத்தின் நட்டநடுவில் விட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தோசைக்கல் மாதிரித் தட்டையான நிலம். இந்த நாட்டுக்காரர் ஒரு மேட்டுக்கு ‘வான மலை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உயரம் நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. முதல்முறை கேட்டபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சொன்ன பெண்மணி கோபிக்கவில்லை. “எங்களிடம் இருப்பது அதுதான்” என்றார்.

அந்தப் பெண்மணிதான் எங்கள் டேனிஷ் ரீச்சர். வயது அறுபது இருக்கும். வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டி, மழையானாலும் வெயிலானாலும் சைக்கிளில் வருவார். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஆறு மாதம் மன்றாடினார். படிப்பிக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. கடைசியில் ‘ரீச்சர்’ என்பதே தன் பெயர் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

நாங்கள் இருந்தது பிராண்டே என்ற சிற்றூரிலிருந்து சில மைல் தள்ளி, வியாபாரம் படுத்துப்போன ஒரு பழைய விடுதியில். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்ட பெரிய மண்டபம் கீழே, மேலே அறைகள். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் நாற்பது பேர் அந்த அறைகளில். வேலை செய்யக் கூடாது. பஸ் நாளுக்கு இரண்டு தடவை. ஏறிப் போனாலும் போவதற்கு இடமில்லை. காலையில் எழும்பித் தபால்காரன் வரும் திசையைப் பார்ப்பது, அவன் போன பிறகு அடுத்த நாளைப் பார்ப்பது, இதுதான் தொழில். முப்பத்து மூன்று வயதில், கை கால் நல்ல சுகத்தோடு, ஒரு மனிதனைச் சும்மா இருக்க வைப்பது போன்ற தண்டனை வேறு இல்லை. சாப்பாடு தருகிறார்கள், போர்வை தருகிறார்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள். யார்மீது கோபப்படுவது என்றுகூடத் தெரியாமல் எல்லோர்மீதும் கோபமாக இருந்தேன்.

என் அறையில் இன்னொருவர் மாஸ்டர். மன்னாரில் கணக்குப் படிப்பித்தவர், கத்தோலிக்கர், ஐம்பதைத் தாண்டியவர். காலையும் மாலையும் செபமாலை சொல்லுவார். இடைப்பட்ட நேரத்தில் என்னை நக்கலடிப்பார்.

தொடங்கியது ஒரு வரைபடத்தில். ரீச்சர் ஒரு நடைச் சங்கத்தை நடத்தி வந்தார். ஓய்வுபெற்ற பேக்கரிக்காரர், தபால்கந்தோர்ப் பெண், தையல் தொழிற்சாலையில் வேலை செய்த இரண்டு சகோதரிகள் என்று மொத்தம் பதினொரு பேர். ஞாயிறுதோறும் புதர்க்காட்டு வழியே நடந்து, கோப்பி குடித்து, வீடு திரும்புவார்கள். அந்தக் கோடையில் பஸ் பிடித்து சுவிஸுக்குப் போய் வாழ்க்கையில் ஒருமுறை உண்மையான மலையில் நடப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். கடினமாக இருக்கக் கூடாது, அரை நாளுக்குள் முடிய வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு ரீச்சர் மேசையில் சுவிஸ் வரைபடங்கள் மூன்றை விரித்துத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“இந்தப் பழுப்புக் கோடுகள் எல்லாம் பாதையா?” என்று கேட்டார்.

“அவை சமவுயரக் கோடுகள். ஒரு கோட்டின்மீது நடந்தால் நீங்கள் ஏறவும் மாட்டீர்கள், இறங்கவும் மாட்டீர்கள்” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். ஊரை விட்டு வந்த பிறகு ஒருவர் என்னிடம் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வரைபடங்கள் என்ன அழகு. பாறைகளைத் தனித்தனியாக வரைந்திருந்தார்கள்; மலையின் நிழல் விழும் பக்கம் மெல்லிய சாம்பல் பூசியிருந்தார்கள். “இதை என்னிடம் விடுங்கள்” என்று சொன்னேன்.

மூன்று வரைபடங்கள், மூன்று பள்ளத்தாக்குகள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு. இரண்டு நாள் கழித்து மூன்றாவதைத் தேர்ந்து காரணங்களை எழுதிக் கொடுத்தேன். சரிவு மெதுவானது, தொடக்கம்வரை பஸ் போகும், பாதி வழியில் தண்ணீர் உண்டு. எல்லாம் உண்மையான காரணங்கள். எழுதாத காரணம் ஒன்று இருந்தது. அந்தப் பாதை முடிகிற பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். அந்த ஹோட்டலின் சமையலறையில் என் தம்பி கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இருபத்தொரு வயது. நான் புறப்பட்டு ஏழு மாதத்துக்குப் பிறகு வேறொரு ஏஜென்ட் பிடித்து வந்தான். என்னிடம் வரத்தான் வந்தான். ஏஜென்ட் சுவிஸில் இறக்கிவிட்டுக் காணாமல் போய்விட்டான். அங்கே அவனும் அகதி விண்ணப்பம் கொடுத்தான். அவர்கள் அவனை ஒரு மலைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் மொழி பேச அங்கே ஒரு குருவி இல்லை. எங்கள் ஆட்களைச் சுவிஸ் திருப்பி அனுப்பப் போகிறது என்று வேறு ஒரு பேச்சு அடிபட்டது.

அவனுடைய கடைசிக் கடிதத்தில் மூன்றே வசனங்கள். ‘சாப்பாடு திறம். வேலை லேசு. குளிர் அவ்வளவு இல்லை.’ அதை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் ஆட்களுக்குக் கடிதம் வாசிப்பது தனிக் கலை. ஊரில் எந்தத் தபாலை யார் பிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே எவரும் உள்ளதை உள்ளபடி எழுதுவதில்லை. ‘இங்கே நல்ல மழை’ என்று அம்மா எழுதினால் ஷெல் விழுகிறது. ‘விருந்தாளிகள் வந்து போனார்கள்’ என்றால் ஆமி வீடு வீடாகச் சோதித்துவிட்டுப் போயிருக்கிறது. இப்படியே வாசித்துப் பழகியவனுக்கு, சாப்பாடு திறம் என்றால் அவன் பட்டினி. வேலை லேசு என்றால் முதுகு முறிகிறது. குளிர் இல்லை என்ற வசனம்தான் என்னை உலுப்பியது. தை மாதத்தில், ஐயாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறான்.

அம்மாவும் அதே பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே. ‘தம்பியைக் கண்ணால கண்டு எழுது. கடதாசியை நான் நம்பமாட்டன்’ என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாள். அவள் கேட்டது அந்த ஒன்றுதான். என்னால் முடியாததும் அந்த ஒன்றுதான்.

முயலாமல் இருக்கவில்லை. ரீச்சரிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். சரிவு, தண்ணீர் எல்லாம் எதற்காக என்று அவருக்கு அப்போது விளங்கியது. “அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார். மறுநாளே தன் காரில் என்னை ஹேர்னிங்கில் இருந்த பொலிஸ் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு வாரத்துக்கு மட்டும், பதினொரு டேனிஷ்காரரின் பொறுப்பில், நான் போய் வரலாமா என்று கேட்டார். அதிகாரி இளைஞர், பணிவானவர். எனக்கும் கோப்பி ஊற்றித் தந்தார்.

“போகலாம். யாரும் தடுக்க மாட்டோம்” என்றார். “ஆனால் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக அர்த்தம். திரும்பி உள்ளே வர முடியாது.”

பூட்டு இல்லாத கதவு என்றால் என்ன என்று அன்று அறிந்தேன். பூட்டு இருந்திருந்தால் உடைக்கலாம் என்றாவது நினைத்திருப்பேன். ரீச்சர் என்னைத் திரும்பக் கூட்டிவந்தார். விடுதி வாசலில் காரை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார். “நீங்கள் பாதையைப் போடுங்கள். நாங்கள் உங்கள் தம்பியைப் பார்த்து வருகிறோம். படமும் எடுத்து வருகிறோம்.”

போட்டேன். அப்படியொரு வேலை அரசாங்கத்துக்குக்கூடச் செய்ததில்லை. சமையலறையில் கேக் சுடும் எண்ணெய்த்தாளை வாங்கி, வரைபடத்தின்மேல் வைத்துப் பாதையைப் படியெடுத்தேன். பஸ் பதினொரு பேரையும் மேல் கிராமத்துச் சிற்றாலயத்தில் இறக்கும். அங்கிருந்து பைன் மரக்காட்டுக்குள் ஏற்றம். மேலே மாட்டுக்காரரின் கோடைக் குடில், அங்கே சாப்பாடு. பிறகு நீளமாக ஒரு சமதளம், கடைசியில் வளைந்து வளைந்து இறக்கம், பாலம். எல்லாமாக ஒன்பது கிலோமீற்றர். தம்பிக்குப் பகல் இடைவேளை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில். அந்த நேரம் பிந்தினால் அவன் உள்ளே போய்விடுவான். ஆகவே இரண்டு மணிக்குப் பதினொரு பேரும் பாலத்தில் நின்றாக வேண்டும்.

ஊரில் எங்கள் கணக்கு மணிக்கு மூன்று மைல். ஏற்றத்தில் ஆயிரம் அடிக்கு அரை மணி கூட்ட வேண்டும். கிலோமீற்றரை மைலாக்கினேன், ஏற்றத்தைக் கூட்டினேன், விடை வந்தது. மாஸ்டர் கட்டிலில் படுத்தபடி கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தார்.

“சேவையர், இந்த நானூறு என்ன நானூறு?”

“ஏற்றம்.”

“அடியோ மீற்றரோ?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தூரத்தை மாற்றியவன் உயரத்தை மாற்ற மறந்திருந்தேன். ஒன்பது வருடம் அடியிலேயே ஏறியிறங்கிய புத்தி, நானூறு என்று கண்டதும் அடி என்றே எடுத்துக்கொண்டது. நானூறு மீற்றர் என்றால் ஆயிரத்து முந்நூறு அடி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையுமில்லை, சறுக்கினது அடியிலேயே என்று மாஸ்டர் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார். கிழவர்களின் நடைக்கு அது முக்கால் மணி நேரத்தை விழுங்கியிருக்கும். அன்றிலிருந்து எந்த இலக்கத்தையும் நம்பவில்லை.

நம்பாதவன் அளந்து பார்க்க வேண்டும். சமதளத்தில் அவர்கள் வேகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்கடிகாரத்தோடு கூடவே நடந்து அறிந்துகொண்டேன். ஏற்றத்தில் அறிவது எப்படி? யூலண்டில் ஏற்றத்துக்கு எங்கே போவது? கடைசியில் விடுதியின் மாடிப்படியைப் பிடித்தேன். இருபத்திரண்டு படிகள். சங்கத்திலேயே முழங்கால் நோவுள்ளவர் பேக்கரிக்காரர்; அறுபத்தெட்டு வயது. கூட்டம் போகும் வேகம் அவர் வேகம்தான். அவரைப் பத்துத் தடவை ஏறி இறங்க வைத்தேன். மண்டபத்தில் கரம்போர்ட் விளையாடிக்கொண்டிருந்த எங்கள் பொடியன்கள் விளையாட்டை விட்டுவிட்டு வந்து படியடியில் நின்று எண்ணினார்கள். எட்டாவது தடவையில் மனிதர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, டேனிஷில் ஏதோ சொன்னார். எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லாத சொல். ரீச்சர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தபால்காரன் வந்ததையும் போனதையும் சில நாள் கவனிக்கவேயில்லை. ஒன்பதரைக்குச் சிற்றாலயம், பதினொன்றேகாலுக்குக் குடில், பன்னிரண்டுக்குப் புறப்பாடு, ஒன்று ஐம்பதுக்குப் பாலம். பத்து நிமிடம் கையிருப்பு. அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

பிறகு தம்பிக்கு எழுதினேன். அதை எப்படி எழுதினேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லாத கடிதம் அது. ‘வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன், இரண்டு மணிக்குப் பாலத்தில் நில். என் ரீச்சரும் பத்து டேனிஷ்காரரும் மலையால் நடந்து வருவார்கள். வெள்ளை முடி, சிவப்புப் பை. அவ கையிலை தூள் குடுத்து விடுகிறன். நான் வரவில்லை. எனக்கு இன்னும் அனுமதிக் கடதாசி இல்லை.’ கடைசி இரண்டு வசனங்களுக்கும் கீழே கோடு போட்டேன். ஏமாந்து நிற்கக் கூடாது என்பதற்காக.

தூள் என்றால் மிளகாய்த்தூள். ஒருவர் பயணம் போகிறார் என்றால் அவர் கையில் ஒரு பொதி கொடுத்து விடாமல் எங்கள் ஆட்களுக்கு மனம் ஆறாது. போகிறவர் டேனிஷ்காரர் என்பதற்காக வழக்கம் மாறுமா? ஆர்ஹூஸில் ஒரு பாகிஸ்தான்காரர் கடையில் மாஸ்டர் செத்தல் மிளகாய் வாங்கி வந்தார். வறுத்தபோது விடுதி முழுவதும் தும்மல். பொறுப்பாளர் ஓடிவந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, வெளியே போய் நின்றார். இரண்டு கிலோ தூளை மூன்று பையில் கட்டி ரீச்சரிடம் கொடுத்தேன். எல்லையில் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்றார். “சாப்பாடு என்று சொல்லுங்கள், நம்பாவிட்டால் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்” என்றார் மாஸ்டர்.

அந்தப் புதன்கிழமை நான் காலைச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. எண்ணெய்த்தாளை மண்டபத்து மேசையில் விரித்து, ஒரு தீக்குச்சியைச் சிற்றாலயத்தில் வைத்தேன். ஒன்பதரைக்கு அதை நகர்த்தத் தொடங்கினேன். பதினொன்றேகாலுக்குத் தீக்குச்சி குடிலுக்கு வந்தது. வெளியே மழை தூறியது. அங்கே வெயிலா என்று தெரியவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியாமலில்லை. மாஸ்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மணிக்குத் தீக்குச்சி பாலத்தில் நின்றது. அதற்குமேல் அதை எங்கே நகர்த்துவது? அவர்கள் அங்கே நிற்கிறார்கள், என் தம்பியோடு கதைக்கிறார்கள். நான் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. தாளை மடித்து வைத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

நாலைந்து நாளில் ரீச்சர் திரும்பி வந்தார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் என்னைப் புகழ்ந்தார். சொன்ன நிமிடத்துக்குச் சொன்ன இடத்தில் இருந்தார்களாம். பேக்கரிக்காரர் அடுத்த வருடமும் போகலாம் என்கிறாராம். தூள் பத்திரமாகச் சேர்ந்ததாம். தம்பி மெலிந்துதான் இருக்கிறான், ஆனால் நோய் வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். படங்கள் கழுவி வந்ததும் தருகிறேன் என்றார். இவ்வளவையும் சொல்லும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை இருந்தேன். “தம்பிக்கு என்ன?” என்று கேட்டேன்.

ரீச்சர் சோக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். பாலத்துக்கு அவர்கள் வந்தபோது தம்பி ஏற்கெனவே நின்றிருக்கிறான். நல்ல சேட் போட்டு, தலை இழுத்துச் சீவியிருக்கிறான், கையில் ஒரு பயணப் பை. பதினொரு பேருக்கும் கை கொடுத்திருக்கிறான். கை கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் பின்னால் பாதையை எட்டிப் பார்த்திருக்கிறான்.

“நீங்கள் வரவில்லை என்று சொன்னேன். தலையாட்டிச் சிரித்தார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.”

படம் எடுத்திருக்கிறார்கள். பிறகு அவர்களை ஏற்ற பஸ் வந்திருக்கிறது. எல்லோருக்கும் முன்னால் தம்பி ஏறியிருக்கிறான். ஒவ்வொரு ஆசனமாகப் பார்த்துக்கொண்டு கடைசிவரை போயிருக்கிறான். பின்னாலிருந்த கழிவறைக் கதவையும் திறந்து பார்த்திருக்கிறான். பிறகு கடைசி ஆசனத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டான்.

“நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்” என்றார் ரீச்சர். “அவருக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும், எனக்கும் கொஞ்சம் தெரியும். உங்கள் அண்ணன் டென்மார்க்கில் இருக்கிறார், அவரால் வர முடியாது என்றேன். அவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். பேச வேண்டாம், எனக்குத் தெரியும் என்பது போல. நாலு தடவை சொன்னேன். உங்களை இப்படிக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்ட எங்களால் முடியாது என்றேன். சாரதி பயந்துபோய் இஞ்சினை நிறுத்திவிட்டார். கடைசியில் நானே அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் பின்னால் வந்தார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இறங்கி நின்று ஒன்று கேட்டார். நீங்கள் எந்த இடத்தில் இறங்கினீர்கள் என்று.”

எனக்கு உடனே எல்லாம் விளங்கியது. ரீச்சருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. நான் ஊரை விட்டுப் புறப்பட்ட காலையில், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட வைத்தேன். ‘நான் இந்த வருடம் எங்கும் போவதாக இல்லை’ என்று அதில் இருந்தது. யாராவது பிரித்து வாசித்தால் வாசிக்கட்டும் என்று. போவதாக இல்லை என்பதற்குக் கீழே கோடும் போட்டிருந்தேன். அந்தக் கடிதத்தைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டவன் என் தம்பி. அப்படிப்பட்டவனுக்கு நான் எழுதுகிறேன், ‘நான் வரவில்லை’ என்று. கோடு போட்டு. அவன் வேறு எப்படி வாசிப்பான்? அவனுடைய ‘குளிர் அவ்வளவு இல்லை’யை நான் எப்படி வாசித்தேனோ அப்படியே வாசித்தான். அண்ணன் டேனிஷ்காரரோடு ஒளிந்து வருகிறான், என்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறான்.

அன்று பின்னேரமே ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுக்க வைத்தேன். ரீச்சர்தான் பேசினார். அந்தப் பையன் போன செவ்வாய்க்கிழமையே கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். அண்ணன் வந்து கூட்டிப்போகிறார் என்று எல்லோருக்கும் கை கொடுத்து விடைபெற்றானாம். அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. எங்கே போனான் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஐந்து வாரம் அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அந்த ஐந்து வாரமும் நான் விடுதி வாசலில் இருந்து வீதிவரை நடப்பேன், திரும்பி வருவேன். புறப்பட்டுப் போய்விடலாம் என்று மூன்று தடவை பையைக் கட்டினேன். போனால் இங்கே திரும்ப முடியாது. அங்கே என்னையும் பிடித்தால் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்புவார்கள். மூன்று தடவையும் மாஸ்டர்தான் பையை அவிழ்த்து உடுப்புகளை அலுமாரியில் அடுக்கினார். “பேசாமல் இரும், சேவையர். நீர் அங்கை போய் என்ன, ஆரோ ஒருத்தன்ரை காணியை அளக்கப் போறீரோ” என்றார். அவர் குரலில் அன்று நக்கல் இல்லை. ஆறாவது வாரம் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. வேறு ஊர், வேறு சமையலறை. ‘சுகமாக இருக்கிறன். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.’ அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

படத்தை அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். பாலத்தின்மேல் பதினொரு டேனிஷ்காரர், நடுவில் என் தம்பி, காதுவரை சிரிப்பு. அவள் பதில் எழுதினாள். ‘படம் கிடைச்சுது. பிள்ளை சிரிக்கிறான், சந்தோசம். கையிலை பை என்னத்துக்கு?’ அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை.

எனக்கு வதிவிட அனுமதியும் பயணப் புத்தகமும் கைக்கு வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. வந்த மாதமே ரயில் ஏறினேன். சுவிஸ் தொடங்கும் பாசல் எல்லையில் பொலிஸ்காரன் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பித் தந்தான். தம்பி நிலையத்துக்கு வந்திருந்தான். மீசை வைத்திருந்தான். என்னைக் கட்டிப் பிடித்தபோது அவன் தலை என் தலைக்குமேல் இருந்தது. தன் அறைக்குக் கூட்டிப்போய்ச் சோறும் கோழிக்கறியும் சமைத்தான். தலைவாழை இலை ஒன்றுதான் குறை. நான் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்ளும்போது, மற்றப் பக்கம் திரும்பி அடுப்பைத் துடைத்தபடி கேட்டான்.

“அண்ணை, அண்டைக்கு உங்களை எந்தப் போடரிலை மறிச்சவங்கள்?”

நான் புறப்படவேயில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பொலிஸ் அலுவலகம், கோப்பி, பணிவான அந்த இளைஞர், எல்லாவற்றையும் சொல்லத்தான் இருந்தேன். அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு என் பதிலுக்காக நின்றான். இரண்டு வருடமாக அவன் எதைப் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் இருந்தான் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

“பாசலிலை” என்றேன்.

“நான் நினைச்சனான்” என்றான். “அந்த வெள்ளை மனிசி பாவம், எனக்கு முன்னாலை சொல்லப் பயந்து மறைச்சுப் போட்டா.” பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கறி போட்டான்.

அது நடந்து எவ்வளவோ காலம். அவன் கல்யாணம் முடித்தான், இப்போது பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். பெரியப்பா மலையேறி அப்பாவைக் கூட்டிப்போக வந்தவர், பாசலில் பிடிபட்டவர் என்று அவர்களுக்கும் சொல்லியிருக்கிறான். நான் போகும்போதெல்லாம் சின்னவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனை பொலிஸ்காரர் என்று கேட்பாள். இரண்டு பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.